மட்டை வேலிக் கோழி

நேற்றுப் பின்னேரம் எங்கள் ஒழுங்கையில் 17 தடவை சைக்கிள் ஓட்டினேன். எங்கும் போகவில்லை. படலையிலிருந்து வேப்பமரம் வரை, வேப்பமரத்திலிருந்து படலை வரை. இந்த வயதில் இப்படி ஓட்டுபவனைக் கண்டால் ஊர் என்ன நினைக்குமோ, அதையே நினைத்தது.

எல்லாம் சின்னவளால் வந்தது. நியூயோர்க்கில், புரூக்ளின் பக்கம், கைவிடப்பட்ட சுரங்க ரயில் நிலையம் ஒன்று இருக்கிறதாம். பில் பிராண்ட் என்பவர் 1980 இல் அங்கே கையால் தீட்டிய 228 படங்களை வரிசையாக நிறுத்தி, முன்னால் ஒடுங்கிய இடைவெளிகள் விட்ட தடுப்பொன்றைக் கட்டினாராம். களிமண் பொம்மையை மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் படமெடுப்பார்களே, அதே வித்தைதான். இங்கே படங்கள் நின்ற இடத்திலேயே நிற்க, ஓடுவது ரயில். ஜன்னலோரம் இருப்பவரின் கண்ணில் அவை உயிர் பெற்று ஆடும்.

“மாமா, முறிகண்டிக்கும் கிளிநொச்சிக்கும் நடுவில் தண்டவாளத்தோரம் கட்டினால் யாழ்தேவியில் போகிற எல்லோரும் பார்ப்பார்கள்” என்றாள். 1990 இல் நின்ற ரயில் 2013 செப்டெம்பரில்தான் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது. அதை மறுபடியும் நிறுத்தியவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சொல்லியிருக்கக் கூடாது. அவளுடைய பார்வை என் பனைமட்டை வேலிமேல் விழுந்தது.

20 சென்ரிமீற்றருக்கு ஓர் இடைவெளி விட்டு, மற்றதையெல்லாம் கறுப்புப் பொலித்தீனால் அடைத்தாள். உள்ளே பழைய கலண்டர்த் தாள்களின் பின்புறத்தில் வரைந்த 60 கோழிகள். முதல் தாளில் கோழி கூட்டுக்குள் நிற்கும். கடைசியில் பற்றைக்குள் மறைந்துவிடும். நொடிக்குப் பன்னிரண்டு படமாவது கடந்தால்தான் கண் ஏமாறுமாம். அதற்கு மணிக்கு எட்டரை, ஒன்பது கிலோமீற்றர் வேகம் வேண்டும். மொத்தக் காட்சி ஐந்து நொடி. அந்த ஐந்து நொடிக்காக என் வேலி ஒரு கிழமை இழவு வீடு மாதிரிக் கறுத்துக் கிடந்தது.

கடைக்காரர் மோட்டார் சைக்கிளில் பறந்தார். அவருக்குத் தெரிந்தது வெறும் கலங்கல். அக்கா நடந்து பார்த்தாள். ஒவ்வொரு தாளிலும் ஒரு கோழி நின்றது, அவ்வளவுதான். அந்த வேகத்தில் ஓடக்கூடிய ரயில் ஒழுங்கையில் நான் ஒருவன்தான் என்று தீர்ப்பாயிற்று. எனக்கும் கோழி தெரிந்தது, பொய் சொல்லக் கூடாது. தலையை ஆட்டி ஆட்டி என் பக்கத்திலேயே நடந்து வந்தது. மறி ஆடு நடுவில் இரண்டு தாளைத் தின்றிருந்ததால் அந்த இடத்தில் மட்டும் அதற்கு ஒரு விக்கல்.

ஆடு என் வேலிக்குள் எப்படி வந்தது என்பதைப் பக்கத்து வீட்டாரிடம்தான் கேட்க வேண்டும். கேட்டால் படலையைப் பூட்டாதது என் பிழையாகிவிடும். விடுங்கள்.

முன்வீட்டு ஆச்சி தன்னையும் ஏற்றச் சொன்னார். கரியரில் வேலிப் பக்கம் பார்க்க இருத்திக்கொண்டு ஓட்டினேன். ஐந்து நொடி. வேப்பமரத்தடியில் ஒன்றும் பேசாமல் இறங்கி நின்றார். பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

“திரும்பிப் போகும்போது?” என்று சின்னவளைக் கேட்டார்.

“அப்போது எல்லாம் தலைகீழ், ஆச்சி. கோழி பின்பக்கமாக நடந்து கூட்டுக்குள் வந்துவிடும்.”

ஆச்சி கரியரின் மற்றப் பக்கம் போய் ஏறினார். திரும்பி ஓட்டினேன். பற்றைக்குள்ளிருந்து கோழி வந்தது, விக்கியது, கூட்டுக்குள் போனது.

“இன்னொரு தடவை” என்றார்.

அதன் பிறகு வேப்பமரம் வரை சைக்கிளை உருட்டுவதும், அங்கே அவரை ஏற்றுவதும், படலையில் இறக்குவதுமாகப் பொழுது போனது. போகிற பக்கம் அவருக்கு வேண்டாம். வருகிற பக்கம் மட்டும். ஏழாவது தடவை இறங்கும்போது, என்னிடமோ வேலியிடமோ தெரியவில்லை, “2009 இல் வெளிக்கிடும்போது கூட்டைத் திறந்துவிட்டுத்தான் வந்தேன். பதினொரு கோழி” என்றார்.

சின்னவள் இப்போது இன்னும் பத்துக் கோழிக்குக் கலண்டர்த் தாள் கேட்கிறாள். ஆச்சி இன்று பின்னேரமும் வருவாராம். பின் சக்கரத்துக்குக் காற்றடிக்க வேண்டும்.