படகு குடித்த தண்ணீர்

எனக்குத் தொழில் ஏசி ரிப்பேர். கேஸ் எங்கே லீக் ஆகிறது என்று தேடுவதிலேயே பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. அந்தத் திமிரில்தான், போன மார்ச்சில் மாமனார் போன் போட்டு, "படகுல தண்ணி ஏறுது மாப்ள, எங்கேருந்துன்னு பிடிபடல" என்றபோது, "ஞாயித்துக்கிழமை வந்து பார்த்துடுறேன் மாமா" என்று சொல்லிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முடிய ஏழு வாரம் ஆனது.

படகு நிற்பது வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் ஆற்காட்டுத்துறையில். 26 அடி ஃபைபர் படகு, பின்னால் லாங் டெயில் டீசல் என்ஜின். சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் கொடுத்த படகுகளில் ஒன்று, 2006-ல் வந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியபோது இது கரையிலிருந்து பறந்து சீமைக் கருவேலங்காட்டுக்குள் போய்க் கவிழ்ந்து கிடந்தது. அப்போது அவசரமாக ஒட்டுப் போட்டதோடு சரி. பிறகு வருடா வருடம் ஒரு கோட் பெயின்ட், கண்ணில் பட்ட விரிசலில் பிசைந்து வைக்கிற புட்டி. கிட்டத்தட்ட ஒரு பல் டாக்டர் வேலை.

மாமா சொன்ன குறை இரண்டு. ஒன்று, கடலுக்குப் போய்த் திரும்புவதற்குள் எட்டு, பத்து வாளி இறைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு, படகு கனத்துவிட்டது. முன்பு எட்டுப் பேர் தோள் கொடுத்தால் மணலில் ஏறிவிடும். இப்போது டிராக்டர் இல்லாமல் அசையவில்லை. இரண்டாவதை நான் காதிலேயே வாங்கவில்லை. வயதாகிறது, தள்ளுகிறவர்களுக்கும் வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன். பாதித் துப்பு அங்கேயே கைவிட்டுப் போய்விட்டது.

முதல் ஞாயிறு முழுக்க வெளிப்பக்கத்தைப் பார்த்தே கழிந்தது. விரிசல் இல்லாத இடமே இல்லை. ஆனால் அதில் முக்கால்வாசி மேல்தோலான ஜெல்கோட்டில் மட்டும் ஓடும் வெடிப்பு, தண்ணீர் விடாது. எது விடும், எது விடாது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சாயங்காலம் மாமா ஒரு டம்ளர் டீயைக் கையில் கொடுத்து, "கெடைச்சுதா மாப்ள?" என்றார். இன்னும் பார்க்கிறேன் மாமா என்றேன்.

அடுத்த ஞாயிறு வேறு வழி. தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே வருகிறதென்றால், அதே வழியாக உள்ளேயிருந்து வெளியேயும் வரத்தானே வேண்டும்? டிராக்டரை வைத்துப் படகைத் தூக்கி, இரண்டு பனந்தடியும் பழைய லாரி டயர்களும் முட்டுக் கொடுத்து, கீழே ஆள் நுழைகிற அளவுக்கு இடம் வைத்தோம். அடிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, மாமியாரிடம் கேட்டு வாங்கிய வெள்ளைக் கோலமாவைக் கையால் தடவினேன். பிறகு படகுக்குள் மோட்டார் வைத்துத் தண்ணீர் விட்டோம். நான்கு விரல் ஆழம், அவ்வளவுதான். 300 லிட்டர் என்றாலே 300 கிலோ. இந்தப் படகு வெளியே இருக்கிற தண்ணீரைத் தாங்கச் செய்தது, உள்ளே சுமக்கச் செய்தது இல்லை. விளிம்பு வரைக்கும் ரொப்பினால் இருக்கிற விரிசலோடு புதுசும் சேரும்.

இருபது நிமிடத்தில் கோலமாவு கறுக்க ஆரம்பித்தது. மூன்று இடம். மூன்றும் ஏராவில், அதாவது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பில். யோசித்தால் வேறெங்கே இருக்கும்? பதினெட்டு, பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு நாளும் இதே முதுகை வைத்து மணலில் இழுக்கிறார்கள். கடற்கரை மணல் என்பது உப்புத்தாள்தான். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஜெல்கோட் போய், அதன் கீழே கண்ணாடி நார் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. இன்னொன்று கஜாவில் போட்ட ஒட்டு. ஸ்க்ரூடிரைவரை நுழைத்தேன், அப்பளம் போல முழுசாகக் கையோடு வந்துவிட்டது. பழைய பெயின்டைத் தேய்க்காமல் அதன் மேலேயே ரெசின், அதாவது நாரை இறுகவைக்கிற பிசின், பூசியிருக்கிறார்கள். ஒட்டு பெயின்டைப் பிடித்துக்கொண்டிருந்தது, பெயின்ட் படகை விட்டுவிட்டது.

ஃபைபர் ஒட்டுவதில் ஒட்டுகிற வேலை கொஞ்சம்தான், தேய்க்கிற வேலைதான் மிச்சம் எல்லாம். ஓட்டையைச் சுற்றிச் சரிவாகத் தேய்க்க வேண்டும். தடிமனைப் போலப் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்கு. 6 மில்லிமீட்டர் தடிமன் என்றால் சுற்றிலும் 7 சென்டிமீட்டர். உள்ளங்கை அளவு தேய்மானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கிரைண்டர் ஓட்டியதைப் பார்த்து மாமாவுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. "ஓட்டைய அடைக்கச் சொன்னா பெருசு பண்றீங்களே" என்றார். அந்தத் தூசி இருக்கிறதே, அது உடம்பில் பட்டால் மூன்று நாள் அரிப்பு. முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை எல்லாம் போட்டும் கழுத்துப் பட்டையில் புகுந்துவிட்டது. என் துணிகளை வீட்டுத் துணியோடு சேர்க்கக் கூடாது என்று மனைவி தனி வாளி கொடுத்துவிட்டாள்.

தேய்த்ததும் ஒட்டிவிடலாம் என்று பார்த்தால் அதுவும் இல்லை. நார் உள்ளே ஈரம் குடித்திருக்கும். சதுரமாக ஒரு பாலிதீன் தாளை வெட்டி, தேய்த்த இடத்தின் மேல் நாலு பக்கமும் டேப் ஒட்டி ராத்திரி விட்டோம். காலையில் உள்பக்கம் முத்து முத்தாக வியர்வை. நான்கு நாள் வெயில், ராத்திரி ஹாலஜன் விளக்கு. ஐந்தாம் நாள்தான் தாள் காய்ந்து வந்தது.

ரெசின் கலப்பதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், தெரியாமல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ரெசினோடு அதை இறுகவைக்க இரண்டு சின்ன பாட்டில் தருவார்கள்: ஆக்சிலரேட்டர், கேட்டலிஸ்ட். இந்த இரண்டும் நேருக்கு நேர் சேரவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் விட்டு நன்றாகக் கலக்கி, அதன் பிறகுதான் கேட்டலிஸ்ட். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் கண்ணே போகலாம். இவ்வளவும் தெரிந்த நான், ஏப்ரல் வெயிலை மறந்துவிட்டேன். கடைக்காரர் சொன்ன அளவில் ஒரு கிலோவை மொத்தமாகக் கலக்கி, மேட், அதாவது கண்ணாடி நார் விரிப்பு, எடுக்கத் திரும்பினேன். திரும்பி வருவதற்குள் வாளி சூடேறிப் புகை வந்து, ரெசின் அல்வா பதத்துக்கு இறுகி, பிரஷ் அதில் நட்ட கொடிக்கம்பம் மாதிரி நின்றது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாளியை மட்டும் இன்னும் வாசலில் வைத்திருக்கிறார்.

அடுத்தது சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், கால் கிலோ கால் கிலோவாக, கேட்டலிஸ்டைக் குறைத்து. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட், ஒன்றின் மேல் ஒன்றாக ஆறு படி. ஒவ்வொரு படியிலும் ரோலரை உருட்டிக் காற்றுக் குமிழை வெளியே தள்ள வேண்டும். ஏராவுக்கு மட்டும் மேலே இரண்டு படி கூடுதலாகப் போட்டேன், மணல் தின்னட்டும் என்று. எபாக்சி ரெசின் போட்டிருந்தால் பழைய ஃபைபரில் பிடிப்பு இன்னும் கெட்டியாக இருந்திருக்கும். விலையைக் கேட்டதும் மாமா கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

படகு கடலுக்குப் போனது. திரும்பி வந்தபோது மொத்தமே இரண்டு வாளி. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். மாமா, "தண்ணி சரிதான். கனம் அப்படியேதான் இருக்கு" என்றார்.

அப்போதுதான் அவர் முதல் நாளே சொன்னது உறைத்தது. இந்தப் படகுகளில் முன்னாலும் பின்னாலும் மூடிய அறைகள் இருக்கும், உள்ளே ஃபோம் அடைத்திருப்பார்கள். கவிழ்ந்தாலும் மூழ்காமல் மிதக்கவைப்பது அதுதான். இரண்டு அறைகளின் மேலும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினேன். முன் அறையில் டங் டங் என்ற சத்தம். பின் அறையில் ஈர மணலில் தட்டினது மாதிரி தொப் தொப்.

ஏராவை ஒட்டிவிட்டோம், பிறகு இந்த அறைக்குத் தண்ணீர் எப்படி வருகிறது? இங்கேதான் என் சொந்தத் தொழில் கைகொடுத்தது. ஏசி குழாயில் நைட்ரஜனை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழ் வருகிற இடத்தைப் பிடிப்போம். அதே வேலை. ஆனால் அங்கே 300 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றுகிற கை, இங்கே ஒரு பிஎஸ்ஐ ஏற்றினாலும் தப்பு. ஒரு சதுர மீட்டர் பலகையில் ஒரு பிஎஸ்ஐ என்பது 700 கிலோ தள்ளுவதற்குச் சமம், தளமே பெயர்ந்துவிடும். அதனால் கம்ப்ரசரைத் தொடவில்லை. அவுட்டோர் யூனிட் தூசி ஊதுகிற சின்ன புளோயரை அறையின் வடிகால் துளையில் வைத்துத் துணியைச் சுற்றி மெதுவாக ஊதவிட்டேன். மாமியார் பாத்திரம் விளக்குகிற சோப்பைக் கரைத்துக் கொடுத்தார்.

அடிப்பக்கம் முழுக்கத் தடவினேன். ஒரு குமிழ் இல்லை. பக்கவாட்டில் இல்லை. மாமாதான் மேலே என்ஜின் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "மாப்ள, இங்க நொரை பொங்குது" என்றார். ஸ்டாண்டைப் பிடித்திருக்கும் ஆறு போல்டில் நான்கைச் சுற்றிக் குமிழ் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

கீழே தேடிக்கொண்டிருந்தோம், அது மேலே இருந்தது. டீசல் என்ஜினின் அதிர்வில் போல்டு துளை பெரிதாகி, அலை அடிக்கும்போதும் மழையிலும் சொட்டுச் சொட்டாக அறைக்குள் இறங்கியிருக்கிறது. இறங்கினதை வடிகால் துளை வரைக்கும் விடாமல் ஃபோம் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

இதற்குள் ஏப்ரல் 15 தாண்டிவிட்டது. விசைப்படகுகளுக்கு ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள். மாமா மாதிரிச் சின்னப் படகுக்காரர்களுக்குத் தடை கிடையாது. பெரிய படகு வராததால் மீனுக்கு நல்ல விலை கிடைக்கிற நாட்கள் இவைதான். அப்படிப்பட்ட நேரத்தில் படகைக் கரையில் போட்டு வெட்டப் போகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்: "வெட்டுங்க. கனத்தோட போறது எனக்குத்தான் பயம்."

தளத்தை இரண்டடிக்கு ஒன்றரையடி செவ்வகமாக வெட்டித் திறந்தோம். ஃபோம் தேன் நிறத்தில் இருக்க வேண்டியது, காபிக் கசடு மாதிரி இருந்தது. கையால் பிழிந்தால் தண்ணீர். காயவைத்துத் திரும்ப வைக்கலாமா என்று மாமா கேட்டார். ஊறின ஃபோம் காயாது, அதற்குள் இருக்கிற சின்னச் சின்னக் காற்றறைகள் உடைந்திருக்கும். தோண்டி எடுத்ததைச் சாக்குகளில் கட்டி மீன் எடைபோடும் தராசில் நிறுத்தோம்: 96 கிலோ. காய்ந்த ஃபோமாக இருந்தால் எட்டுக் கிலோகூட வந்திருக்காது. இத்தனை நாளாக ஒன்றரை ஆளைச் சும்மா ஏற்றிக்கொண்டு போய் வந்திருக்கிறார், அதுவும் டீசல் செலவு செய்து. ஸ்டாண்டுக்கு அடியில் இருந்த பிளைவுட்டும் கறுத்து இற்றுப்போயிருந்தது. ஸ்க்ரூடிரைவர் புட்டில் இறங்குவது போல இறங்கியது.

புதிதாக மெரைன் பிளை இரண்டு அடுக்கு ஒட்டி, ஃபைபர் போர்த்தினேன். போல்டுத் துளைகளைத் தேவைக்கு மேல் பெரிதாகத் துளைத்து, ரெசின் களியால் அடைத்து, இறுகின பிறகு அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளைத்தேன். இப்படிச் செய்தால் நாளைக்கு போல்டு ஓரம் கசிந்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. இரும்பு போல்டுக்குப் பதிலாக 316 ஸ்டெயின்லெஸ், கீழே அகலமான தகடு, சுற்றிலும் பியூ (பாலியூரிதேன்) சீலன்ட். சிலிக்கான் மலிவு, ஆனால் ஒருமுறை தடவின இடத்தில் பிறகு எதுவும் ஒட்டாது, அதனால் வேண்டாம் என்றேன். வெட்டின இடத்துக்கு ஒரு திருகு மூடியும் வைத்தாயிற்று, இனி உள்ளே கை விட்டுப் பார்க்கலாம்.

மே முதல் வாரம் இறக்கினோம். மதியம் திரும்பி வந்தபோது கரையில் டிராக்டர் வேறொரு படகை இழுத்துக்கொண்டிருந்தது. மாமா காத்திருக்கவில்லை. என்னோடு சேர்த்து ஒன்பது பேர், மூன்று தள்ளு. ஒன்பதில் நான் கணக்கில் சேர்த்தி இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

படகுக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் இரண்டு சொம்புத் தண்ணீர் தேங்கியிருந்தது. எனக்கு முகம் விழுந்துவிட்டது. மறுபடி கோலமாவு, மறுபடி டயர் என்று மனசுக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. மாமா குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு இல்ல மாப்ள" என்றார். "ஐஸ் பொட்டி ஒழுகுது. அது உங்க டிபார்ட்மென்ட்தானே?"