புள்ளியை விட்டுக் கண்ணெடுக்காமல்: பார்வை ஆய்வுக்காக ஸ்கேனருக்குள் போன அனுபவம்

மூளை எப்படிப் பார்க்கிறது என்று அறியும் எஃப்எம்ஆர்ஐ (ரத்த ஓட்ட மாற்றத்தை வைத்து மூளை வேலை செய்வதைப் படம் பிடிக்கும் ஸ்கேன்) ஆய்வுக்குத் தன்னார்வலராகப் போயிருந்தேன்.

முதலில் ஒரு படிவம். பேஸ்மேக்கர் உண்டா, கண்ணில் எப்போதாவது உலோகத் துகள் விழுந்ததா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்பார்கள். 3 டெஸ்லா காந்தம் ஸ்கேன் ஓடாத நேரத்திலும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். எதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

காதை அடைத்து, தலையைச் சுற்றிக் கூண்டு மாதிரி, சிக்னலைப் பிடிக்கும் ஒரு காயிலைப் பொருத்தி, அவசரத்துக்கு அமுக்க ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். கண்ணுக்கு மேலே உள்ள கண்ணாடியில் திரை தெரிந்தது. நடுவே ஒரு சின்னப் புள்ளி. அது நிறம் மாறும்போது பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட ஆப்பு வடிவம் ஒன்று புள்ளியைச் சுற்றி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். கண் அதன் பின்னால் ஓடத் துடிக்கும். ஓட விடவே கூடாது. விழித்திரையில் பிம்பம் விழும் இடத்துக்கு ஏற்ற இடம்தான் பின்மண்டைப் புறணியில் (தலையின் பின்பக்கம் பார்வையைக் கவனிக்கும் மூளையின் மேலடுக்கில்) தூண்டப்படும். கண் நகர்ந்தால், மூளையின் எந்த இடம் எதைப் பார்க்கிறது என்று காட்டும் வரைபடமே குழம்பிவிடும். போதாததற்கு, ரத்த ஓட்ட மாற்றம் உச்சத்தைத் தொட ஐந்தாறு விநாடி ஆகும். அதனால் பொறுமையாகக் கிடக்க வேண்டும்.

அப்புறம் என் வரைபடத்தைக் காட்டினார்கள். இடப்பக்கம் பார்த்தது வலது மூளையில், மேலே பார்த்தது கீழே. பாடத்தில் படித்ததுதான், ஆனாலும் என் மூளையிலேயே பார்த்தபோது சிலிர்த்தது.

ஸ்கேனருக்குள் இதே மாதிரிப் புள்ளியை மக்காக் குரங்குகளும் பார்க்கின்றன. கண் நகராமல் பார்த்தால் சாறு கிடைக்கும். 2002-இல் விம் வான்டஃபல் குழு மனிதருக்கும் குரங்குக்கும் ஒரேவித அசையும் உருவங்களைக் காட்டியது. அசைவிலிருந்து முப்பரிமாண வடிவத்தைப் பிரித்தறியும்போது மனித மூளையின் மேல்பக்கப் பகுதிகள் சில குரங்கைவிட வலுவாகத் துலங்கின. 2006-இல் டோரிஸ் சாவ் குழு, குரங்கு மூளையில் முகங்களுக்குத் துலங்குவதாக ஸ்கேன் அடையாளம் காட்டிய பகுதி ஒன்றில் மின்முனையை இறக்கிப் பதிவு செய்தது; காட்சிக்குத் துலங்கிய செல்களில் 97 சதவீதம் முகத்துக்கே முதலிடம் கொடுத்தன. மனிதரிடம் ஆய்வுக்காக மட்டும் அப்படி மின்முனை இறக்க முடியாது. அதனால்தான் இரண்டு மூளைகளையும் ஒரே முறையில் ஸ்கேன் செய்து ஒப்பிடுவது இவ்வளவு முக்கியம். எனக்குக் கையில் பந்து இருந்தது, குரங்குக்கு இல்லை என்பதும் மனதை உறுத்துகிறது.

போகிறவர்களுக்கு ஒன்று: மூக்குக்கண்ணாடி போடுபவரென்றால் முன்பே சொல்லுங்கள், உலோகமில்லாத சட்டத்தில் உங்கள் பவருக்கு லென்ஸ் மாட்டித் தருவார்களா என்று கேளுங்கள். புள்ளி மங்கலாகத் தெரிந்தால் கண்ணை நிறுத்துவது ரொம்பக் கஷ்டம்.