சிவக்காத தோல்

கடந்த ஆண்டு என் அக்காவுக்கு இடது மார்பகத்தில் இருந்த புற்றுக்கட்டியை அறுவைச் சிகிச்சையில் அகற்றிய பின்னர், கதிர்வீச்சு சிகிச்சையும் தேவை என்று மருத்துவர் சொன்னார். மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பினாங்குப் பாலத்தைக் கடந்து தீவிலுள்ள மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் செல்லும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். திங்கள் முதல் வெள்ளி வரை, மூன்று வாரங்களில் 15 முறை, மொத்தம் 40 கிரே (உடல் ஏற்கும் கதிரை அளக்கும் அலகு). "கரண்ட் வைக்கிறார்களாமே, சுடுமா?" என்று பெரியம்மா தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தார். சுடவில்லை. இயந்திரத்தின் கீழே படுத்திருந்த சில நிமிடங்களில் அக்கா எதையுமே உணரவில்லை. தோலில் நேர்ந்தவை எல்லாம் பிறகுதான் நேர்ந்தன.

ஒவ்வொரு வாரமும் தாதி மலாயில் ஒரே கேள்வியைக் கேட்பார்: "கூலித் அடா மேரா தாக்?" தோல் சிவந்திருக்கிறதா என்று பொருள். அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "தாக் அடா", இல்லை என்று சொல்வார். அவர் சொன்னது பொய்யன்று; எங்கள் குடும்பத்துத் தோலில் கொசு கடித்தால்கூடச் சிவப்பு தெரியாது. கையில் கொடுத்திருந்த துண்டறிக்கையிலும் வெளிர்நிறத் தோலில் இளஞ்சிவப்புத் திட்டுகள் படர்ந்த படங்களே இருந்தன. இந்தியர்கள் கூட்டமாக வந்து காத்திருக்கும் ஒரு மருத்துவமனையில் கறுத்த தோலின் படம் ஒன்றையேனும் சேர்த்திருக்கலாம் என்ற மனக்குறை எனக்கு இன்னும் தீரவில்லை.

இந்தச் சிவப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. எக்ஸ் கதிர்கள் 1895ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, கதிரை அளக்க உலகெங்கும் ஒப்புக்கொண்ட அலகு இல்லாத காலத்தில், தோல் சிவக்கும் அளவையே மருந்தளவாகக் கொண்டிருந்தார்கள். ராண்ட்கன் என்னும் அலகு 1928இல்தான் உலக அளவில் ஏற்கப்பட்டது. அளவுகோல் மாறிய பிறகும் பழைய பார்வை முழுதாக மாறவில்லை. பாதிப்பைத் தரம் பிரிக்கும் அட்டவணைகளில் மங்கலான சிவப்பு முதல் தரம், அடர்ந்த சிவப்பு இரண்டாம் தரம் என்றே இன்றும் எழுதியிருக்கிறது. கறுத்த தோலிலோ கதிர் பட்ட இடத்தில் நிறமி பெருகி, முதலில் பழுப்பும் பின்னர் கருமையும் ஏறுகின்றன. அடியில் இருக்கும் சிவப்பை அந்தக் கருமை மறைத்துவிடுகிறது. ஆகவே எங்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, தோல் கறுத்திருக்கிறதா, தொட்டால் சூடாக இருக்கிறதா, அரிக்கிறதா, இழுத்துப் பிடிப்பதுபோல் இருக்கிறதா என்பதுதான்.

இரண்டாம் வாரத்தின் வியாழக்கிழமையன்று நான் அந்தக் கருமையைக் கவனித்ததற்குக் காரணம் அக்காவின் தாலி. அவருக்குக் கழுத்தோரத்து நிணநீர்க் கணுக்களுக்கும் சேர்த்தே கதிர் கொடுக்கப்பட்டதால், சிகிச்சை அறைக்குள் நுழையும்முன் தாலிக்கொடியைக் கழற்றி என் கைக்குட்டையில் வைத்து மடித்துக் கொடுப்பார். வெளியே வந்ததும் வாங்கி அணிந்துகொள்வார். அன்று அணிவிக்கும்போது பார்த்தேன்: கொடி உராயும் தடத்தில், பென்சிலால் கோடு இழுத்ததுபோல், சுற்றியுள்ள தோலைவிடக் கருத்த ஒரு வரி. கொடியை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னபோது அக்கா மறுத்துவிட்டார். அன்றிரவு அத்தான்தான், "சாமி மேடையில் இருக்கட்டும், அங்கே இருந்தாலும் அது உன்னுடையதுதானே" என்று பேசிக் கழற்ற வைத்தார்.

உராய்வைவிட மோசமானவை மடிப்புகள் என்பதை அடுத்த வாரம் அறிந்தோம். இன்றைய இயந்திரங்களின் உயர் ஆற்றல் கதிர் மேல்தோலில் தன் முழு வேகத்தைக் காட்டுவதில்லை, 6 எம்.வி. (மெகாவோல்ட்) கதிர் ஏறத்தாழ 1.5 சென்டிமீட்டர் ஆழத்திற்குச் சென்ற பிறகே உச்சத்தை எட்டுகிறது. மேல்தோலுக்கு ஓரளவு பாதுகாப்பு கிடைப்பது அதனால்தான். ஆனால் மார்பகத்தின் அடியிலும் அக்குளிலும் தோலின்மேல் தோல் படிந்திருக்கிறது. மேலே படிந்த சதையைக் கடந்து வரும் கதிருக்கு அடியில் உள்ள தோல் மேற்பரப்பாகவே இருப்பதில்லை, ஆழமாகிவிடுகிறது, பாதுகாப்பும் போய்விடுகிறது. அதோடு பினாங்கின் புழுக்கமும் வியர்வையும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டியதில்லை. நாங்கள் தளர்வான பருத்திச் சட்டை, கம்பியில்லாத உள்ளாடை, மின்விசிறி என்று சமாளித்தோம்.

வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மஞ்சளும் சந்தனமும் பூசச் சொன்னவர்களைப் பொறுத்துக்கொண்டேன். சிகிச்சை முடியும்வரை தண்ணீரே படக்கூடாது என்றவரைத்தான் பொறுக்க முடியவில்லை. அது மருத்துவமனைகளே ஒரு காலத்தில் சொன்ன அறிவுரை. வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் கெடுதல் செய்வதில்லை என்று ஆய்வுகள் காட்டிய பிறகு அது கைவிடப்பட்டது. தேய்க்காமல் கையால் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். சிகிச்சைக்காக வரைந்த குறிகள் மட்டும் அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்காவுக்கு வாசனையில்லாத ஈரப்பசைக் களிம்பும், அழற்சியைத் தணிக்க மருத்துவர் எழுதிக் கொடுத்த மொமெட்டசோன் என்னும் ஸ்டீராய்டு களிம்பும் பயன்பட்டன.

பதினைந்தாம் நாள் முடிந்ததும், இனி ஆறு வாரம் கழித்து வந்தால் போதும் என்று அனுப்பி வைத்தார்கள். எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது, ஆனால் யாரும் அழுத்திச் சொல்லாதது, தோல் பாதிப்பு உச்சத்துக்கு வருவது பெரும்பாலும் சிகிச்சை முடிந்த முதல் இரண்டு வாரங்களில்தான் என்பது. கதிர் தாக்குவது மேல்தோலின் அடியடுக்கில் பிரிந்து பெருகும் செல்களை. அவை மேலேறி உதிர நான்கு வாரம்போல் ஆகும்; பழையவை உதிர்ந்துகொண்டிருக்க, அடியிலிருந்து புதியவை போதிய அளவில் வராதபோதுதான் தோல் கிழிகிறது. முடித்துவிட்டோம் என்று பாயசம் வைத்துக் கொண்டாடிய ஒன்பதாம் நாள் காலையில், குளியலறையிலிருந்து அக்கா என்னைக் கூப்பிட்டார். மார்பகத்தின் அடி மடிப்பில், ஐம்பது காசு அகலத்துக்குக் கரிய தோல் உரிந்து, கீழே ஈரமான இளஞ்சிவப்பு தெரிந்தது. அந்த மூன்று வாரமும் தேடிய சிவப்பை அன்றுதான் பார்த்தோம்.

முன்பதிவு இல்லாமலே அன்று பாலத்தைக் கடந்தோம். தாதி உப்புநீரால் கழுவி, புண்ணோடு ஒட்டிக்கொள்ளாத சிலிக்கோன் கட்டு ஒன்றைப் போட்டு, மாற்றும் முறையையும் காட்டிக் கொடுத்தார். காய்ச்சலோ துர்நாற்றமோ சீழோ வந்தால் உடனே வரும்படி சொன்னார், எதுவும் வரவில்லை. மூன்று வாரத்தில் புண் மூடிக்கொண்டது. புதுத் தோல் முதலில் வெளிறியிருந்து, பிறகு மெல்ல நிறம் ஏறியது. கழுத்தோரத்து வரி இன்னும் முழுதாக மறையவில்லை. வெயில் படக்கூடாது என்பதால் அக்கா செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதைக் காலை ஏழு மணிக்கு முன்பே முடித்துவிடுகிறார். தாலிக்கொடி ஐந்தாம் வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாமி மேடையிலிருந்து இறங்கியது.