ஜாஸ் எல்.பி. வாங்கினால் கடைசி மூன்று நிமிடத்தைக் கேளுங்கள்

ஸ்பிரிச்சுவல் ஜாஸ், அதாவது ஆன்மீகத் தேடலை இசையாக்கும் ஜாஸ், என்று தேடுபவர்கள் ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ (1965) வரை வந்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அதற்கடுத்த பத்து வருடத்தில்தான் சரக்கே இருக்கிறது. ஆலிஸ் கோல்ட்ரேனின் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ (1971) இப்போது ஓரளவு பிரபலம். தலைப்பில் இருக்கும் சுவாமி சச்சிதானந்தா நம்ம செட்டிபாளையத்துக்காரர், கோயம்புத்தூருக்குப் பக்கம். 1969-இல் அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடக்கிவைத்துப் பேசியவரும் அவர்தான். ஆனால் அதே ஆலிஸின் ‘டா தி எல் தாவுத்’ (1970) பக்கம் யாரும் போவதில்லை. ஃபாரோ சாண்டர்ஸ், ஜோ ஹெண்டர்சன் என்று இரண்டு டெனர் சாக்ஸபோன்கள் அதில் ஆளுக்கொரு பக்கம் நின்று வாசிக்கின்றன. டோரதி ஆஷ்பியின் ‘ஆஃப்ரோ-ஹார்ப்பிங்’ (1968), டக் கார்னின் ‘இன்ஃபண்ட் ஐஸ்’ (1971), கிளிஃபர்ட் ஜோர்டனின் ‘கிளாஸ் பீட் கேம்ஸ்’ (1974) மூன்றும் அதே வரிசையில் வரும். கடைசியாகச் சொன்னதை வெளியிட்டது ஸ்ட்ராடா-ஈஸ்ட். சார்லஸ் டாலிவர், ஸ்டான்லி கவெல் என்ற இரண்டு கலைஞர்களே 1971-இல் தொடங்கிய கம்பெனி. அதன் முதல் பதிப்புகளுக்குச் சொத்தை எழுதித் தரவேண்டியிருக்கும். மறுபதிப்பு வாங்குங்கள், குறைச்சல் ஒன்றும் இல்லை.

பழைய தட்டு வாங்குவதென்றால் இந்த இசைக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. 33⅓ வேகத்தில் சுற்றும் தட்டின் வெளி விளிம்பில் முள்ளுக்கு அடியில் ஒலி பதிந்த பள்ளம் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிறது. நடுவில் ஒட்டிய லேபிளுக்கு அருகில் வரும்போது அது 21 செ.மீ. ஆகிவிடும். அதே ஒலியை அங்கே பாதி நீளத்தைவிடவும் குறைவான இடத்தில் நெருக்கி வெட்டியிருப்பார்கள், அதனால் முள்ளுக்கு அங்கே வளைந்து கொடுக்க முடிவதில்லை. சினிமாப் பாட்டு எல்.பி.யில் இது பெரிதாகத் தெரியாது. ஸ்பிரிச்சுவல் ஜாஸில் பக்கத்தின் தொடக்கம் தம்புரா, மணி, ஹார்ப் என்று அமைதியாக இருக்கும். பக்கம் முடியும்போதுதான் சாக்ஸபோன் கத்தி உச்சத்துக்குப் போகும். ஆக, தட்டின் பலவீனமான இடமும் இசையின் உக்கிரமான இடமும் ஒன்றாகவே வந்து விழுகின்றன. பழைய காலத்து செராமிக் கார்ட்ரிட்ஜ் (முள்ளைத் தாங்கும் தலைப்பகுதி) 5 கிராம் எடையோடு தேய்த்திருந்தால் அந்த உச்சம் முழுக்கக் கரகரவென்றுதான் கேட்கும். எந்தக் கழுவலும் அதைச் சரிசெய்யாது.

அதனால் விற்பவர் போட்டுக் காட்டுகிறேன் என்றால் முதல் பாட்டோடு திருப்தியடையாதீர்கள். முதல் அரை நிமிடம் கேளுங்கள், படபடப்புச் சத்தம் அங்கேதான் வெளிப்படும். பிறகு நேராகக் கடைசி மூன்று நிமிடத்துக்குப் போங்கள். இரண்டு பக்கத்துக்கும் இதையே செய்யுங்கள்.

சோல் ஜாஸில் கதை வேறு. ஜிம்மி ஸ்மித், லூ டொனால்ட்சன் வகையறா பார்ட்டியில் ஓடியவை. பிடித்த ஒரு பாட்டு மட்டும் தேய்ந்திருக்கும், மற்றவை புதிதாக இருக்கும். ப்ளூ நோட் கம்பெனித் தட்டென்றால் லேபிளை ஒட்டிய வெறும் பகுதியைச் சாய்த்துப் பாருங்கள். காது மடல் மாதிரி ஒரு சின்னக் கீறல்குறி இருந்தால் அது பிளாஸ்டிலைட் ஆலையில் அச்சானது, 1966 வரையிலான பதிப்பு. விலை ஏறுவதற்கு அந்த ஒரு குறி போதும்.

புதுச்சேரியில் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ பழைய சாமான் கடையிலோ ஜாஸ் தேடுவது பொறுமைக்காரர்கள் வேலை. பெரும்பாலும் சினிமாதான் வரும். ஒன்று அகப்பட்டால் வெயிலில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மேலோட்டமான மயிரிழைக் கீறல் பரவாயில்லை. நகத்தில் தட்டுப்படும் கீறல்தான் டொக் டொக் என்று அடிக்கும். நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் கோணல்மாணலாக வெள்ளிக்கோடுகள் இருக்கும். ஒவ்வொரு முறையும் தட்டைப் போடும்போது ஓட்டை தேடி உரசிய தடம் அது. நிறைய இருந்தால் நிறைய ஓடியிருக்கிறது. உறையின் பளபளப்பை நம்புவதைவிட இதை நம்பலாம்.

கடலோர ஊரில் அடுத்த எதிரி பூஞ்சை. தட்டின்மேல் சாம்பல் நிறத்தில் கிளைகிளையாகப் பரவியிருக்கும் படலத்தைத் தூசி என்று நினைத்து உலர்ந்த துணியால் துடைத்தால் பள்ளத்துக்குள் அப்பிவிடும். கழுவுவதற்கான கலவை இது: டிஸ்டில்டு வாட்டர் 850 மி.லி., ஐசோபுரோபைல் ஆல்கஹால் 150 மி.லி., போட்டோ கழுவப் பயன்படும் வெட்டிங் ஏஜென்ட் (தண்ணீர் சீராகப் பரவ உதவும் திரவம்) இரண்டு மூன்று சொட்டு. பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், படலம் தங்கும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம். நம்ம ஊர் உப்பு காய்ந்ததும் பள்ளத்தில் வெள்ளையாக உட்கார்ந்துகொள்ளும். மென்மையான பிரஷ்ஷால் பள்ளம் போகும் திசையிலேயே துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒருமுறை அலசி, பாத்திரம் வைக்கும் ஸ்டாண்டில் செங்குத்தாகக் காயவிடுங்கள். லேபிளில் தண்ணீர் படக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் காய்வதற்கு நேரமாகும். ஈரத்தோடு உறையில் போட்டால் அடுத்த பூஞ்சைக்கு நீங்களே விதை போட்ட மாதிரி. பழைய உள்ளுறைக் காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது பாலிஎதிலீன் உறை மாற்றுங்கள். அச்சிட்ட உள்ளுறை என்றால் தனியாக வைத்துக்கொள்ளலாம். வெளியுறைக்கு பி.வி.சி. வேண்டாம், நாளாக ஆகத் தட்டின்மேல் புகைப்படலம் விடும்.

ஒரு எச்சரிக்கை: 78 வேகத்துப் பழைய எச்.எம்.வி. தட்டுகள் அரக்கு. ஆல்கஹால் பட்டால் கரைந்துபோகும். இந்தக் கலவை எல்.பி.க்கு மட்டும்.

அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள், மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவர் என்றால் அந்தப் பக்கமே வேண்டாம். பாச்சா உருண்டை போடாதீர்கள். அந்த வாசனை அட்டையில் ஏறினால் இறங்காது.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பிளேயர் இருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டுவிட்டுச் சும்மா இருக்கமுடியாது. அது வோல்டேஜை மாற்றும், நம்ம மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை அமெரிக்காவின் 60 ஆக்காது. ஹெர்ட்ஸுக்கேற்ற வேகத்தில் சுற்றும் ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டார் நம்ம 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், அதாவது 27.8. சுருதி மூன்று ஸ்வரஸ்தானத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக இறங்கிவிடும். 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி (மோட்டாரில் பெல்ட் ஓடும் சின்னச் சக்கரம்) மாற்றவேண்டும். அடாப்டரில் ஓடும் டி.சி. மோட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை, பிரான்சிலிருந்து வந்த பிளேயருக்கும் இல்லை.

முள் தட்டை அழுத்தும் எடையைச் சின்ன டிஜிட்டல் தராசில் பாருங்கள். ஆடியோ-டெக்னிகா வி.எம்.95.இ கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம், ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.8. குறைத்து வைத்தால் தட்டுக்கு நல்லது என்பது தப்புக் கணக்கு. முள் பள்ளத்தில் பதியாமல் துள்ளும், சுவரைச் செதுக்கும். கார்ட்ரிட்ஜ் கோணத்துக்குப் பலரும் பேர்வால்ட் அளவைத்தான் பயன்படுத்துகிறார்கள், அதில் கோணப் பிழை பூஜ்யமாகும் இடங்கள் மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. இந்த இசைக்கு ஸ்டீவன்சன் அளவு பொருத்தம். 60.3-லும் 117.4-லும் பூஜ்யம், அதாவது பக்கம் முடியும் இடத்திலேயே முள் நேராக நிற்கும். நடுப்பகுதியில் பிழை கொஞ்சம் கூடும், அதை இந்த ரகத் தட்டில் பொறுத்துக்கொள்ளலாம். கார்ட்ரிட்ஜைப் பொருத்த உதவும் அளவுத்தாளை ஜெராக்ஸ் கடையில் அச்சடித்தால் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் எடுக்கச் சொல்லி, ஸ்கேல் வைத்து ஒருமுறை சரிபாருங்கள். அதற்குப் பிறகும் உச்சத்தில் கரகரத்தால், வி.எம்.95 உடலையே வைத்துக்கொண்டு எம்.எல். (மைக்ரோலைன்) முள் மட்டும் வாங்கிச் சொருகலாம். அதன் மெல்லிய விளிம்பு நெருக்கமான பள்ளத்தை இன்னும் சரியாகத் தொடரும். அதிலும் கரகரத்தால் கோளாறு தட்டில்தான்.