தலைக்கு ஒரு கட்டை

முதலாம் எலிசபெத் அரசியின் காலத்து இங்கிலாந்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், அரண்மனைகளைவிட எளிய மக்களின் படுக்கைதான் என் மனத்தில் நிற்கிறது. எசெக்ஸ் பகுதியில் ராட்வின்டர் என்னும் சிற்றூரின் பாதிரியார் வில்லியம் ஹாரிசன், தம் ஊர் முதியவர்கள் வாழ்நாளில் கண்ட மூன்று மாற்றங்களை 1577இல் எழுதிவைத்தார். புகைபோக்கிகள் பெருகின, மரத்தட்டுகள் போய் வெள்ளீயக் கலவைத் தட்டுகள் வந்தன, படுக்கை மாறியது.

அவர்களுடைய இளமையில் வைக்கோல் படுக்கையில் படுத்து, உருண்டைக் கட்டையைத் தலைக்கு வைத்துக்கொள்வது வழக்கம். திருமணமாகி ஏழாண்டுகளுக்குள் ஒரு மெத்தையும், தலைக்குப் பதர் அடைத்த ஒரு மூட்டையும் வாங்கிவிட்ட குடும்பத்தலைவர், ஊர்ப் பிரபுவுக்கு இணையாகத் தாமும் வாழ்வதாக நிறைவடைந்தாராம். தலையணை பிள்ளைப்பேற்றுப் பெண்களுக்கே உரியது என்று கருதினார்கள். வேலையாட்களுக்கோ, துணியைத் துளைத்து வரும் வைக்கோல் முனைகள் தடித்துப்போன தோலைக் குத்தாமலிருக்க அடியில் ஒரு விரிப்புக் கிடைத்தாலே பெரிது. இந்த வரியைக் கடந்துபோக எனக்கு நெடுநேரம் ஆயிற்று.

ஷேக்ஸ்பியர் 1616இல் தம் உயிலில் மனைவிக்கு 'இரண்டாம் தரக் கட்டிலை' எழுதிவைத்ததைப் பலர் அவமதிப்பாகவே படிக்கிறார்கள். கட்டில் அவ்வளவு அரிய உடைமையாக இருந்த காலத்தில், அது தம்பதியர் உறங்கிய கட்டிலாகவே இருந்திருக்கலாம் என்ற கருத்தே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.