சுங்கானும் உறையூர்ச் சாம்பலும்

2025 ஜனவரி 11, சனி

டப்ளினில் இந்த வாரம் முழுக்க எலும்பைக் குத்தும் குளிர். இருந்தும் காலையில் பழைய சாமான் சந்தைக்குப் போய்விட்டேன். ஒரு கிழவர் பிஸ்கட் டப்பா நிறைய சுங்கான்களை, அதாவது புகையிலை பிடிக்கும் மரப் பைப்புகளை, போட்டு வைத்திருந்தார். எல்லாம் யாரோ பிடித்துப் பிடித்துக் கறுத்தவை. கிளறிப் பார்த்ததில் ஒன்றின் கழுத்தில் நிக்கல் வளையம் தெரிந்தது. நகத்தால் அழுக்கைச் சுரண்டினேன். டப்ளின் சுங்கான் கம்பெனியான பீட்டர்சனின் முத்திரை, 'பீட்டர்சன்ஸ் சிஸ்டம் ஸ்டாண்டர்டு', மறுபக்கம் 314 என்ற வடிவ எண், அதன் மேலே மூன்று வரியில் 'மேட் இன் தி ரிபப்ளிக் ஆஃப் அயர்லாண்ட்'. 15 யூரோ. பேரம் பேசவில்லை. கை விறைத்திருந்தது, வாயும்தான்.

வயதைக் கணிக்க அந்த மூன்று வரி கொஞ்சம் உதவும். அயர்லாந்து அதிகாரபூர்வமாகக் குடியரசானது 1949 ஏப்ரலில். அதற்கு முன்பு செய்த பலவற்றில் 'ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்' என்றோ 'எய்ரே' என்றோ இருக்கும். ஆகவே இது அதற்குப் பிந்தியது. எத்தனை வருஷம் பிந்தியது என்று இந்த முத்திரை சொல்லாது. வெள்ளி வளையமாக இருந்தால் வெள்ளியின் தரத்தைச் சோதித்து டப்ளினில் குத்தும் முத்திரையின் எழுத்தை வைத்து வருஷத்தையே சொல்லிவிடலாம். நிக்கலுக்கு அந்த யோகம் இல்லை.

வாய்த்தண்டு கழுத்தில் ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. முறுக்கினால் கழுத்து பிளந்துவிடும். பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைத்தேன். ரப்பர் வாய்த்தண்டு சுருங்கி, 'டொக்' என்று கழன்று வந்தது. பக்கத்தில் இருந்த தேங்காய்த் துருவலுக்கு வாசம் ஏறவில்லை என்று மனைவியிடம் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

ஜனவரி 12, ஞாயிறு

புகையிலை போடும் கிண்ணத்துக்குள் பென்சில்தான் நுழையும், அவ்வளவு கரி. கொஞ்சம் கரி இருப்பது நல்லது, மரத்தை நெருப்பிலிருந்து காக்கும். ஒரு மில்லிமீட்டர் போதும். இதில் ஐந்தாறு இருந்தது. அளவுக்கு மீறினால் சூட்டில் கரி விரிந்து கிண்ணத்தையே பிளந்துவிடும். முனை மழுங்கிய கத்தியால் சுற்றிச் சுற்றிச் சுரண்டினேன். கூர்முனைக் கத்தி வேண்டாம், அது அடியில் குழி பறித்துவிடும். செய்தித்தாள் மேல் விழுந்த கரியைக் குவித்தால் ஒரு பிடி தேறும்.

விளிம்பில் தார் கட்டி ஓடுபோல் இருந்தது. அதற்கு என் மருந்து எச்சில். சிரிக்காதீர்கள், அருங்காட்சியகங்களில் ஓவியங்களைச் சுத்தம் செய்கிறவர்களும் பஞ்சில் எச்சில் தொட்டுத் துடைப்பதுண்டு. எச்சிலில் இருக்கும் என்சைம்தான் வேலை செய்கிறது. முன்பு முதல் சுங்கானை எடுத்தபோது அவசரப்பட்டு உப்புத்தாள் போட்டேன். விளிம்போடு நிற்காமல் கழுத்துப் பக்கமும் தேய்த்து, முத்திரையை மழித்துவிட்டேன். பளபளவென்று, ஊர் பேர் தெரியாத சுங்கானாக இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. இந்த முறை முதல் வேலையாக முத்திரை மேல் டேப் ஒட்டியாயிற்று.

அப்புறம் குழி. பீட்டர்சன் சுங்கானின் விசேஷமே அதுதான். சார்லஸ் பீட்டர்சன் 1890இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு: புகை வரும் துளைக்குக் கீழே, கழுத்துக்குள் ஒரு சின்னக் கிணறு. புகையோடு வரும் ஈரம் வாய்க்கு ஏறாமல் அதில் இறங்கித் தங்கிவிடும். நல்ல யோசனைதான், ஆனால் அந்தக் கிணற்றைத் தூர்வார வேண்டும் என்று பழைய சொந்தக்காரருக்கு யாரும் சொல்லவில்லை போலும். உள்ளே கருப்பட்டிபோல் இறுகிய தார். ஸ்பிரிட்டில் நனைத்த காதுக்குச்சி முப்பதுக்கு மேல் செலவானது. முதல் குச்சி கறுப்பு, பத்தாவது காப்பி டிகாக்‌ஷன், கடைசியில் ஒருவழியாக டீ.

இரவு கிண்ணத்தில் பஞ்சு அடைத்து, கழுத்தைத் தக்கையால் மூடி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி வைத்தேன். பலர் பஞ்சுக்குப் பதில் உப்புப் போடுகிறார்கள். எனக்கு உப்பில் நம்பிக்கை இல்லை. மரத்துக்குள் இறங்கிய உப்பு அங்கேயே தங்கிவிடும் என்ற பயம். ஸ்பிரிட் வெளியே ஒரு சொட்டு வழிந்தாலும் சாயம் போய்விடும், அதனால் முட்டை டப்பாவின் குழியில் நிமிர்த்தி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

ஜனவரி 13, திங்கள்

பஞ்சு முழுக்கப் பழுப்பு. நாற்றம் பாதி போயிற்று. ஆனால் டார்ச் அடித்துப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது: கிண்ணத்தின் முன்சுவரில், அடியை ஒட்டி, சிலந்தி வலைபோல் மெல்லிய வெடிப்புகள். இத்தனை நாளும் கரி மறைத்து வைத்திருக்கிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். இங்கே விடுமுறை கிடையாது. மாலையில் குக்கர் பொங்கல். சுங்கானைத் தொடவில்லை.

ஜனவரி 18, சனி

ஊசியால் வெடிப்புகளின் ஆழத்தைத் தடவிப் பார்த்தேன். ஊசி இறங்கவில்லை, மேலோட்டம்தான். வெளிப்புறத்தில் அதே இடத்தில் கறுத்த புள்ளி இல்லை, அழுத்தினால் மரம் மெதுக்கென்றும் இல்லை. பிழைத்தது.

சுங்கானின் மரம் பிரையர். அது மத்தியதரைக்கடல் ஓரம் வளரும் எரிகா ஆர்போரியா என்ற புதரின் வேர்முண்டு. வறண்ட மண்ணில் அடிமரம் வீங்கி உருண்டையாகத் திரளும். அதை வெட்டி, மணிக்கணக்கில் வேகவைத்துச் சாறு இறக்கி, மாதக்கணக்கில் உலர்த்தித்தான் சுங்கான் கடைவார்கள். எளிதில் தீப்பிடிக்காத மரம். அதுவே வெடித்திருக்கிறது என்றால், பழைய ஆள் அவசர அவசரமாக இழுத்துத் தள்ளியிருக்கிறார்.

இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று உண்டு: சுருட்டுச் சாம்பலைத் தண்ணீரில் குழைத்து உள்ளே பூசுவது. காய்ந்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், நெருப்புக்கும் அசராது. சரி, சுருட்டுக்கு எங்கே போவது? நான் புகைப்பதில்லை. அப்போதுதான் நினைவு வந்தது: போன முறை திருச்சிக்குப் போனபோது மாமா விளையாட்டாகக் கையில் திணித்த உறையூர்ச் சுருட்டுக் கட்டு ஷெட்டில் கிடக்கிறது. ஆங்கிலத்தில் 'செரூட்' என்கிறார்களே, அந்தச் சொல்லே நம் சுருட்டிலிருந்து போனதுதான். எனவே அயர்லாந்துச் சுங்கானுக்கு உறையூர் மருந்து.

ஆனால் இழுக்க ஆள் இல்லாவிட்டால் சுருட்டு அணைந்துவிடும். 50 மில்லி ஊசிக்குழல் ஒன்றுக்கு ரப்பர் குழாய் மாட்டி, அதன் நுனியில் சுருட்டைச் செருகிப் பற்றவைத்து, கொல்லையில் குளிரில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் இழுத்தேன், விட்டேன், இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் அந்த வாசம் வந்தது. தாத்தாவின் சாய்வு நாற்காலி, முருங்கை மரத்தடி, 'டேய், தீப்பெட்டி எடுத்துட்டு வாடா'. கொஞ்ச நேரம் குழலை இழுக்க மறந்துபோய் சுருட்டு அணைந்துவிட்டது. மறுபடி பற்றவைத்தேன்.

மனைவி கதவைத் திறந்தாள். "ஏங்க, பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார்? சுருட்டுக்கு ஊசி போட்டுக்கிட்டிருக்கீங்க."

இரண்டு சுருட்டுக்கு ஒன்றரை டீஸ்பூன் சாம்பல்.

ஜனவரி 19, ஞாயிறு

சாம்பலை டீ வடிகட்டியில் சலித்து (புது வடிகட்டி வாங்கித் தர வேண்டும்), சில சொட்டுத் தண்ணீர் விட்டு வடை மாவுப் பதத்தில் குழைத்தேன். புகைத் துளை அடைபடாமல் இருக்க ஒரு பைப் கிளீனரை உள்ளே நுழைத்து வைத்துக்கொண்டு, ஐஸ்கிரீம் குச்சியால் வெடிப்பின் மேல் பூசினேன். திண்ணை மெழுகுவது மாதிரிதான். காயட்டும்.

ஜனவரி 24, வெள்ளி

எயோவின் புயல். முதல்முறையாக அயர்லாந்துத் தீவு முழுவதற்கும் சிவப்பு எச்சரிக்கை. கால்வே பக்கம் மேஸ் ஹெட்டில் மணிக்கு 180 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் காற்று, 1945இல் பதிவான சாதனையை முறியடித்திருக்கிறது. லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் இல்லை. எங்களுக்கு விளக்கு நான்கு முறை கண்சிமிட்டியதோடு சரி. வீட்டைவிட்டு வெளியே போக முடியாது, எனவே வாய்த்தண்டு.

அது வல்கனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெளிச்சமும் காற்றும் பட்டுப் பட்டு, பாசி பிடித்த படிக்கட்டு நிறத்துக்கு வந்திருந்தது. வெந்நீர் ஆகாது, இன்னும் மோசமாகும். துணிக்குப் போடும் ஆக்ஸிஜன் வெளுப்புத் தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து முந்தைய இரவே ஊறவைத்திருந்தேன். பழுப்பு மேலே கிளம்பியிருந்தது. பிறகு ஈரத்தோடு 400, 600, 1000, 2000 என்று மேலும் மேலும் நைசான உப்புத்தாளாக மாற்றி மாற்றித் தேய்ப்பு. ஒவ்வொரு தாளுக்கும் முந்தைய தாளின் கீறல் மறைந்தபின்தான் அடுத்தது. அவசரப்பட்டால் கடைசியில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது குட்டு வெளிப்படும்.

அடியில் ஒரு பல் தடம். லைட்டர் சுடரில் காட்டிக் காட்டி எடுத்தேன். வல்கனைட்டுக்குத் தன் பழைய உருவம் நினைவிருக்கும், சூடு பட்டால் பள்ளம் தானே மேலெழும். எரிந்த டயர் நாற்றத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். முக்கால்வாசி எழுந்தது, மிச்சத்தை விட்டுவிட்டேன். நுனியில் துளை மேல்நோக்கித் திறக்கும் பி-லிப் இருக்கிறதே, 1898 காப்புரிமை, நாக்கில் படாமல் அண்ணத்தை நோக்கிப் புகையை அனுப்புவது, அதன் விளிம்பைத் தாள் தின்றுவிடக் கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தேன்.

ஜனவரி 26, ஞாயிறு

நிக்கல் வளையத்துக்குப் புளி போடக் கை பரபரத்தது. இது பித்தளைப் பாத்திரம் அல்லவே, மேல்பூச்சு போய்விடும் என்று சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டேன். டிரில்லில் துணிச் சக்கரம் மாட்டி, கார்னூபா மெழுகு, மெதுவான வேகத்தில். முன்பு ஒருமுறை சக்கரம் சுங்கானைப் பிடுங்கிச் சுவரில் அடித்திருக்கிறது, அதனால் கீழே தலையணை. மெழுகு ஏறியதும் இடப்பக்கம் பறவைக்கண் புள்ளிகள், வலப்பக்கம் தீச்சுடர் ரேகை. கரிக்குள்ளே இதை வைத்துக்கொண்டுதான் பிஸ்கட் டப்பாவில் கிடந்திருக்கிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், நாற்பது வருஷமாகச் சுங்கான் பிடிப்பவர். சோதனைக்கு அவரிடம் கொடுத்தேன். கொல்லைச் சுவரில் சாய்ந்தபடி பாதிக் கிண்ணம் மட்டும் நிரப்பிப் பற்றவைத்தார். நான் நிமிஷத்துக்கொரு முறை கை நீட்டிக் கிண்ணத்தின் முன்சுவரைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். பூச்சு தாங்கியது.

புகை எப்படி என்று கேட்டேன். பரவாயில்லை, பழைய ஆளின் வாசம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றார். அப்புறம் சுங்கானைச் சுவர் மேல் வைத்துவிட்டு, அன்றைக்கு ஊசி போட்டு எரித்தாயே, அதில் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கட்டோடு கொடுத்துவிட்டேன்.