குவான் யூ அடைத்த கடன்

இரவு பட்டறையைப் பூட்டிவிட்டு, கை கழுவிய தண்ணீரையும் பத்திரமாகத் தொட்டியில் ஊற்றிவிட்டு (அதிலும் வெள்ளி இருக்கிறதே!) வீட்டுக்கு வந்த பிறகுதான் என் ராஜ்ஜிய வேலை ஆரம்பமாகும். சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை, லேப்டாப்பில் மூன்று ராஜ்ஜியங்களாகப் பிரிந்து சண்டை போட்ட பண்டைய சீனா. கோயி நிறுவனம் 1985-இல் தொடங்கிய 'ரொமான்ஸ் ஆஃப் தி த்ரீ கிங்டம்ஸ்' வரிசையில் பதினோராவது விளையாட்டு. வந்து வெகு வருடமாகிவிட்டது. எனக்கு அதுவே போதும்.

அதில் ஒவ்வொரு தளபதிக்கும் விசுவாசம் என்று ஓர் எண் உண்டு. நூறை ஒட்டி இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். இறங்கினால் பக்கத்து ராஜா ஆள் அனுப்பி இழுத்துக்கொள்வான். பொன் கொடுத்தால் எண் ஏறும். எங்கள் தொழிலில் இதற்கு அட்வான்ஸ் என்று பெயர்.

லூ பூ என்ற தளபதியை வைத்து ஆடியவர்களுக்கு இந்த எண்ணின் பயம் தெரியும். சண்டையில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நிஜ வரலாற்றில், கி.பி. 189-இல் தன் தலைவன் டிங் யுவானைக் கொன்றவன், 192-இல் அடுத்த தலைவன் டோங் ஜுவோவையும் கொன்றான். கடைசியில் சாவ் சாவ் என்ற பெரும் படைத்தலைவரிடம் பிடிபட்டு, உனக்கே குதிரைப்படை நடத்துகிறேன் என்று கெஞ்சியபோது சாவ் சாவ் கொஞ்சம் தயங்கினாராம். பக்கத்தில் இருந்த இன்னொரு படைத்தலைவர் லியூ பெய்தான் அந்த இரண்டு பேரையும் ஞாபகப்படுத்தி ஆளை முடித்துவைத்தார். லியூ பெய் மட்டும் எத்தனை பேர் நிழலில் ஒதுங்கியவர் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல் போதாது. அது வேறு கதை.

எனக்கு உறுத்துவது ஜாங் லியாவ் என்ற இன்னொரு தளபதி. டிங் யுவான், டோங் ஜுவோ, லூ பூ என்று ஏறக்குறைய அதே வீடுகளில் சாப்பிட்டவர். லூ பூ செத்த பிறகு சாவ் சாவிடம் சேர்ந்தார். 215-இல் ஹெஃபெய்யில் 800 பேரைக் கூட்டிக்கொண்டு தெற்கே ஆண்ட சுன் குவானின் பெரும்படைக்குள் புகுந்து கலக்கினார். அவரை யாரும் துரோகி என்பதில்லை.

போன தை மாதம் எங்கள் பட்டறையில் இருந்து ஒருவர் போனார். பற்றவைப்பு வேலையில் கை அப்படி ஓடும். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறவர், மாமா என்றுதான் கூப்பிடுவேன். அட்வான்ஸ் பாக்கி 40,000 ரூபாய். பெரிய பட்டறைக்காரர் ஒருவர் அந்தப் பாக்கியைத் தானே கட்டிக் கூட்டிப்போகக் கேட்டிருக்கிறார். ஊரில் அதுதான் வழக்கம். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. தீபாவளி ஆர்டருக்கு ராப்பகலாக உட்கார்ந்து கணக்கை நேர் செய்துவிட்டு, பொங்கல் கழித்துத் தன் தம்பி சிவதாபுரத்தில் போட்டிருக்கும் சின்னப் பட்டறைக்குப் போய்விட்டார்.

எனக்குக் கோபம். "இத்தனை வருஷம் சோறு போட்டோமேப்பா" என்றேன்.

"போட்டோம். அவரும் வேலை செஞ்சாருல்ல சாமி. இன்னும் என்னடா?" என்று அப்பா கொலுசை எடை போடத் திரும்பிவிட்டார்.

அன்றைக்கு எனக்கு லியூ பெய்யின் தளபதி குவான் யூ ஞாபகம் வந்தார். 200-இல் சாவ் சாவிடம் சிறைப்பட்டார். சாவ் சாவ் அள்ளி அள்ளிக் கொடுத்தார். இவர் மனம் லியூ பெய்யிடம். கைம்மாறு செய்துவிட்டுத்தான் போவேன் என்று ஜாங் லியாவிடமே வெளிப்படையாகச் சொன்னார். சாவ் சாவின் எதிரிப் படைத் தளபதி யான் லியாங்கைப் போரில் கொன்றார். அப்புறம் வந்த பரிசுகளையெல்லாம் முத்திரை வைத்துப் பூட்டி, ஒரு கடிதமும் எழுதிவைத்துவிட்டுக் கிளம்பினார். துரத்தப் போனவர்களைச் சாவ் சாவே தடுத்தார். செஞ்சோற்றுக் கடன் என்றால் நமக்குக் கர்ணன்தான். அவன் கடன் உயிரைக் கொடுத்துத்தான் தீர்ந்தது. இவர் கடனை அடைத்துவிட்டு நடையைக் கட்டியவர்.

விளையாட்டில் குவான் யூ எப்போது என்னிடம் பிடிபட்டாலும் சிறையில் போட்டுவிடுவேன். எவ்வளவு கேட்டாலும் சேரமாட்டார், வெளியே விட்டால் ஆபத்து. அன்று இரவு விட்டுவிட்டேன். என் கணக்கில் ஒரு வருடம்கூட ஆகவில்லை, படையோடு திரும்பி வந்து என் கோட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

சித்திரையில் ஒரு பழைய வாடிக்கைக்காரர் எங்களுக்குத் தர வேண்டிய ஆர்டரில் பாதியைச் சிவதாபுரத்துக்குக் கொடுத்திருக்கிறார். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.